பழைய பொருளில் தூங்கினேன்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம். அதன் ஒரு கால் ஐயத்துக்குரியது. இதில் உட்காருங்கள்.

நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து திண்டுக்கல் வரை வந்திருப்பது ஒரே ஒரு சொல்லுக்காக. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி, அதில் ஏறிப் படுத்துக்கொள்ளும் துணிப் படுக்கையை உங்கள் நிறுவனம் தைத்து விற்கிறது. பெட்டியின்மேல் அதற்குத் தமிழில் என்ன பெயர் போடுவது என்று கேட்கிறீர்கள். இப்போது போட்டிருக்கும் ‘ஹேமாக் ஊஞ்ஜல்’ பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நீங்கள் விருந்தினர். உங்கள் முகவரி அட்டையில் ‘மலை பயண பொருட்கள்’ என்று மூன்று சொற்களில் மூன்று பிழைகள் இருப்பதையும் நான் சொல்லப்போவதில்லை. மலைப் பயணப் பொருள்கள். காபியைக் குடியுங்கள்.

சொல்லை இப்போதே கொடுத்துவிடலாம். ஆனால் அது வந்த வழி தெரியாமல் வாங்கிப்போனால் நீங்கள் அதைத் தப்பாக அச்சிடுவீர்கள். ஆகையால் முதலில் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ‘தூங்கு’ என்னும் வினைச்சொல். இன்று அதற்கு உறங்குதல் என்று பொருள். முற்காலத்தில் அதற்குத் தொங்குதல் என்று பொருள். தூங்கணாங்குருவி எதற்கு அந்தப் பெயர் பெற்றது? நாள் முழுவதும் உறங்குவதாலா? அன்று. அதன் கூடு தொங்குகிறது. தலையாட்டுகிறீர்கள், நல்லது. இதைக் கையில் பிடித்துக்கொண்டே கேளுங்கள்.

இரண்டு, எங்கள் கலைச்சொல் குழுவின் விதி. பயணம், விருந்தோம்பல், விளையாட்டு ஆகியவற்றுக்குத் தமிழ்ச்சொல் ஆக்கும் குழு அது. அதில் ஓர் உறுப்பினர், பீட்சாவைக் கண்ணால்கூடக் கண்டிராதவர், அது இனிப்புப் பண்டம் என்று எண்ணி அதற்குத் ‘தேனடை’ என்று பெயரிட்டுவிட்டார். அன்றே நான் எழுந்து ஒரு விதியை முன்மொழிந்தேன். ‘சொல்லை ஆக்குபவர், அப்பொருளைப் பிறர் உதவியின்றித் தாமே பயன்படுத்தி, அதன் பயனைத் துய்த்திருத்தல் வேண்டும்.’ ஒருமனதாக ஏற்றார்கள். என் விதி அது. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் ஏற்றார்கள்.

மூன்று, நான் அந்த மலைக்குத் தனியாகச் சென்றேன், தனியாக இருந்தேன், தனியாகத் திரும்பினேன். இதை நடுவில் மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையைக் கேட்பவர்கள் எல்லோரும் நடுவில் இதை மறந்துவிடுகிறார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இனித் தொடங்கலாம்.

அந்தத் துணிப் படுக்கைக்கு நான் முன்வைத்த சொல் ‘ஏணை’. குழந்தையைத் துணியில் கட்டித் தொங்கவிடும் தொட்டிலுக்கு வழங்கும் சொல். சிறிய சொல், தூய சொல், இரண்டே எழுத்து. குழுவில் புலவர் ஞானசிகாமணி என்று ஒருவர் இருக்கிறார். ஆண்கள் கல்லூரியில் இலக்கணம் கற்பித்தவர்; நான் பெண்கள் கல்லூரியில் கற்பித்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். அந்த மதிலைத் தாண்டி முப்பது ஆண்டுகளாக அவர் என்னைத் திருத்தி வருகிறார். நான் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ஓர் எழுத்தைக் கூட்டுவார், அல்லது ஓர் எழுத்தைக் குறைப்பார். பிறகுதான் அது அகராதியில் ஏறும். திருத்தப்படாத சொல் ஒன்று, ஒரே ஒரு சொல், என்னுடையதாக ஏற வேண்டும் என்பது என் விருப்பம். பெரிய விருப்பமன்று. ஆனால் எனக்கு வேறு விருப்பமும் இல்லை.

அன்று அவர் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது கெட்ட அறிகுறி.

“ஏணை குழந்தைக்குரியது. அறுபது வயதுக் குழந்தையா இதில் படுக்கப்போகிறது? என் சொல் ‘தூங்குமஞ்சம்’. தூங்கு என்றால் தொங்குதல். தூங்கு என்றால் உறங்குதல். தொங்கிக்கொண்டே உறங்கும் மஞ்சம். ஒரு கல்லில் இரண்டு பொருள்.”

“இக்காலத்தில் ‘தூங்கு’ என்றால் தொங்குதல் என்று யாருக்கும் விளங்காது. எல்லாக் கட்டிலும் தூங்குகிற மஞ்சம்தான். பழைய பொருள் செத்துவிட்டது, புலவரே.”

“சாகவில்லை. கண்மூடியிருக்கிறது. அது இருக்கட்டும், அம்மையார் தம் விதியை மறந்தாரோ? ஏணையில் என்றைக்காவது படுத்ததுண்டா?”

“குழந்தைப் பருவத்தில்.”

“நினைவில் இருக்கிறதா?”

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. உறுப்பினர்கள் சிரித்தார்கள். தேனடைக்காரர் மிகுதியாகச் சிரித்தார்.

“நான் சென்று படுக்கிறேன்,” என்றேன். “மலையில், மழையில், தனியாக. அந்தப் பொருள் எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்த இடத்தில்.”

“ஓர் இரவு என்பது தற்செயல்,” என்றார் அவர். “இரண்டு இரவு என்றால்தான் பட்டறிவு.”

அமைப்பாளர் குறித்துக்கொண்டார். இரண்டு இரவு, பிறர் உதவியின்றி, அதில் உறங்கிவிட்டு வந்தால் ஏணை. இல்லையேல் தூங்குமஞ்சம். அவ்வளவுதான் வழக்கு.

என் தங்கை மகள் வலைத்தளத்தில் தேடி ஒரு படுக்கையை வருவித்துக் கொடுத்தாள். பாராசூட் துணி, கைக்குள் அடங்கும், விரித்தால் கல்யாணப் பந்திப் பாய் அளவு. மேலே கட்ட ஒரு தார்ப்பாய். கீழ்ப்பழநி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், என் பழைய மாணவி ஒருத்திக்குக் காபித்தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் மேல்முனையில் காபிச்செடி முடிந்து காடு தொடங்கும். அதற்கு மேல் வீடில்லை, விளக்கில்லை, கைப்பேசிக்குக் கோபுரமில்லை. ஐப்பசி அடைமழை. எல்லா வகையிலும் தகுந்த இடம்.

தோட்டத்தைக் காவல் செய்பவர் வேலம்மாள் என்னும் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். உரத்த குரல். என்னைக் கண்டதும் மழைக்காகத் தலையில் கவிழ்த்திருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏன் டீச்சர், இந்த மழையில மேல போயி எதுக்கு நனையிறீங்க? எங்க வீட்டுலதான் படுங்களேன். கட்டில் இருக்கு, கம்பளி இருக்கு.”

“பிறர் உதவியின்றி இருக்க வேண்டும் என்பது விதி, வேலம்மாள்.”

“யாரு போட்ட விதி?”

“நான்தான்.”

“அப்பறம் என்ன டீச்சர், நீங்களே எடுத்துரலாம்ல?” என்றார். விதிகள் எப்படி இயங்குகின்றன என்பதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, அந்தப் பைய இங்கிட்டுக் குடுங்க,” என்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறத் தொடங்கினார்.

நில்லுங்கள். நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். இது உதவியன்று. அவரும் அந்தப் பக்கம்தான் மிளகுக்கொடி பார்க்கப் போவதாகச் சொன்னார். உதவி என்பது ஒருவர் கேட்க மற்றொருவர் கொடுப்பது. கேளாமல் வருவது நிகழ்ச்சி. ஒரே திசையில் செல்லும் ஒருவரின் தலைமேல் என் பை இருந்தது, அது நிகழ்ச்சி.

ஒரு நாவல் மரத்துக்கும் ஒரு சில்வர் ஓக்குக்கும் நடுவே கட்டினேன். சில்வர் ஓக்குக்கு இன்னும் சொல் இல்லை. அடுத்த கூட்டத்தில் வரும். முடிச்சு என்னுடையதே. சிறுவயதில் பின்னிய சடைப்பின்னலை அப்படியே கயிற்றில் போட்டேன். வேலம்மாள் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. பூ வெச்சா இன்னும் நல்லாருக்கும்,” என்று சொல்லிக் கீழே இறங்கினார்.

அதில் ஏறுவது எளிதன்று. ஏறியபின் படுப்பது எளிதன்று. நான் நீட்டிப் படுத்தேன், முறைப்படி, ஒரு முனையில் தலை, மறு முனையில் கால். உடல் வாழைப்பழமாக வளைந்தது. முழங்கால் நெற்றியை நோக்கி வந்தது. குறுக்குவாட்டில் படுக்க வேண்டும் என்று குறிப்பில் படம் போட்டிருந்ததாம். நான் படம் பார்ப்பதில்லை. கம்பளி மேலே இருந்தது, கீழே வெறும் துணி. அதனால் வயிற்றுப் பக்கம் திண்டுக்கல், முதுகுப் பக்கம் கொடைக்கானல்.

மழை வந்தது. தார்ப்பாய் தன் கடமையைச் செய்தது. ஆனால் மரத்தில் வழிந்த நீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்காக வரிசையில் வந்து, என் பிடரியில் இறங்கியது. இதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அன்றிரவு நான் தொங்கினேன். அசைந்தேன். நனைந்தேன். உறங்கவில்லை. உறக்கம் வருவதற்காகக் கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு தொழிற்பெயர் விகுதிகளை வாய்விட்டுச் சொன்னேன்; எல்லாம் நினைவுக்கு வந்தன, உறக்கம் மட்டும் வரவில்லை.

அருகில் மிளகுக்கொடி அடர்ந்த ஒரு புதர் இருந்தது. அதற்குள் ஏதோ விலங்கு இருந்து இடையிடையே தும்மிற்று. தும்மியபின் ஒவ்வொரு முறையும் “முருகா” என்றது. மலை விலங்குகளைப் பற்றி நான் அதிகம் அறியேன். கேளையாடாக இருக்கலாம் என்று எண்ணினேன்.

விடிந்தபோது மூன்று செய்திகளைக் கண்டேன். என் சடைப்பின்னல் முடிச்சின்மேல் வேறு இரண்டு முடிச்சுகள் இருந்தன. கயிறு நனைந்தால் தானே இறுகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கயிற்றில் ஒரு நீலக்கட்டம் போட்ட துணிக் கிழிசல் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. மரத்து நீர் அதில் இறங்கி வெளியே சொட்டியது, என் பிடரிக்கு வரவில்லை. காற்றில் பறந்து வந்து சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். காபிக் கிளையில் ஒரு பிளாஸ்க் தொங்கியது, உள்ளே சூடான சுக்குக் காபி. வேலைக்கு வந்தவர்கள் யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உரியவர் வரும்வரை அதை ஆறவிடுவது பொறுப்பற்ற செயல். குடித்தேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? வேலம்மாள் வீட்டுக்காரரின் கைலியும் நீலக்கட்டம்தான், உண்மை. நாட்டில் பாதிக் கைலிகள் நீலக்கட்டம்தான்.

மறுநாள் பிற்பகல். மழை விடவில்லை. நான் படுக்கையில் குறுக்காக, ஊஞ்சலில் அமர்வதுபோல் அமர்ந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அப்போது எதிரே காபிச்செடிகள் இரண்டாகப் பிரிந்து ஒரு காட்டுமாடு வந்து நின்றது. நீங்கள் பார்த்ததுண்டா? ஒரு சிற்றுந்து அளவு. உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளை காலுறை போட்டதுபோல். அது புளியோதரையைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன்.

“நில்,” என்றேன். ஏவல் ஒருமை. அது நின்றது. மாடுகள் இலக்கணத்தை மதிப்பவை.

அந்தக் கணத்தில் மிளகுப் புதர் வெடித்தது. உள்ளிருந்து ஓர் உருவம், உடம்பெல்லாம் சேறு, கையில் கறுப்புக் குடை, “முருகா! முருகா!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்தது. குடையை மாட்டுக்கு முன்னால் எறிந்தது. என் படுக்கைக்குள் தலைகுப்புறப் பாய்ந்தது. துணி ஒரு முறை முழுதாகச் சுழன்று, எங்கள் இருவரையும் இலையில் கட்டிய கொழுக்கட்டை போலச் சுருட்டிக்கொண்டது.

உள்ளே இருட்டு. ஒரு முழங்கை என் விலாவில். ஒரு மூக்குக்கண்ணாடி என் செருப்பில்.

“யார்?” என்றேன்.

“நான்தான்.”

“நான் என்பது தன்மை ஒருமை, யாருக்கும் பொருந்தும். பெயரைச் சொல்லுங்கள்.”

“ஐயோ, ஞானசிகாமணிம்மா! கத்தாதீங்க, மாடு பாக்குது!”

முப்பது ஆண்டுகளில் அவர் பேச்சுத் தமிழில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்குச் சற்று இரக்கம் உண்டாயிற்று. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“என் ஏணைக்குள் என்ன செய்கிறீர்கள்?”

“தூங்குகிறேன்.”

“எந்தப் பொருளில்?”

“பழைய பொருளில்! பழைய பொருளில்! காலை எடுங்கள் அம்மையீர், நரம்பு இழுக்கிறது!”

வெளியே மாடு வந்து நின்று மூச்சு விட்டது. நீராவி எஞ்சின் போன்ற மூச்சு. துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ நாக்கு போலத் தடவியது. பிறகு சப்புக்கொட்டும் ஒலி, புளியோதரை போயிற்று. மாடும் போயிற்று. நாங்கள் போகவில்லை. துணியின் வாய் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தோம்.

“நீங்கள் என்னை ஒற்றறிய வந்தீர்கள்,” என்றேன்.

“மேற்பார்வையிட வந்தேன். யாராவது உங்களுக்கு உதவுகிறார்களா என்று பார்க்க.”

“யாரும் உதவவில்லை.”

“அந்த அம்மாள் பிளாஸ்க்கைக் கட்டிவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.”

“அது நிகழ்ச்சி.”

“இராத்திரி முழுவதும் நீங்கள் உறங்கவே இல்லை. ‘தல், அல், அம், ஐ’ என்று விடிய விடிய ஒப்பித்தீர்கள். அதிலும் ஒரு விகுதியை விட்டுவிட்டீர்கள்.”

“எதை?” என்றேன். அவர் சொன்னார். உண்மைதான், விட்டிருந்தேன். துணி மெல்ல ஆடியது.

அப்போது வேலம்மாளின் சிரிப்பு கேட்டது. தொலைவிலிருந்தே தொடங்கிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

“ஆடாதீங்க, ஆடாதீங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இழுத்தா முடிச்சுதான் இறுகும். ஐயா, நீங்க கால மடக்குங்க. டீச்சர், நீங்க வாய மட்டும் மூடிட்டுச் சும்மா இருங்க, நான் பாத்துக்கிறேன்.” ஓர் இழுப்பில் அவரை வெளியே தள்ளினார், மறு இழுப்பில் என்னை. “ஏன் டீச்சர், தனியாத்தான இருக்கணும்னீங்க?”

“தனியாகத்தான் இருக்கிறேன். இவர் வேறாகத் தனியாக இருக்கிறார்.”

“அது சரி,” என்றார் வேலம்மாள். “ராத்திரி இவரு புதருக்குள்ள தும்முனப்பவே பாத்தேன். டீச்சருக்குக் காவலுக்கு வந்திருக்காருன்னு நெனச்சு இவருக்கும் ஒரு காபி வெச்சேன்.”

புலவர் கண்ணாடியைத் துடைத்தார். வேலம்மாள் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய் வெந்நீர் வைத்துக் கொடுத்தார் என்று பிறகு அறிந்தேன். நான் அன்றிரவும் அங்கேயே இருந்தேன். இரண்டாம் இரவும் தொங்கினேன், உறங்கவில்லை. விகுதிகளைச் சொன்னேன், இந்த முறை ஒன்றையும் விடாமல்.

காலையில் வத்தலக்குண்டுப் பேருந்தில் அவர் முன் இருக்கையில் இருந்தார். நான் பின் இருக்கையில். பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. நான் உறங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதை அவர் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அவர் புதருக்குள் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் சொன்னால், அவர் விகுதிகளைச் சொல்லிவிடுவார். இரண்டு பூட்டு, இரண்டு சாவி, மாற்றி மாற்றி வைத்திருந்தோம்.

அதைவிட எனக்கு வேறொரு கவலை. அமைப்பாளர் கேட்கப்போகும் கேள்வி ‘தூங்கினீர்களா?’ என்பது. ‘ஆம், தூங்கினேன்’ என்று நான் சொல்லலாம்; தொங்கினேன் என்னும் பழைய பொருளில் அது முழு உண்மை. அவர்கள் அதை இக்காலப் பொருளில் எடுத்துக்கொள்வார்கள், ஏணை ஏறிவிடும். ஆனால் பழைய பொருள் செத்துவிட்டது என்று எழுந்து நின்று சொன்னவள் நான். செத்துப்போன ஒன்றின் தோளில் ஏறிக்கொண்டு நான் வெல்வதா? காபி குடித்தேன், யோசித்தேன், குளித்தேன், யோசித்தேன். அதுவரை வாழ்க்கையில் நான் ஒரு சொல்லைக்கொண்டும் யாரையும் ஏமாற்றியதில்லை. ஆனால் அதுவரை ஒரு சொல்லும் திருத்தமின்றி ஏறியதுமில்லை.

கூட்டம் இங்கேதான், திண்டுக்கல்லில், நூலகத்தின் மாடியறையில். வேலம்மாளிடம் நாளையும் இடத்தையும் நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பெருமை தேவையற்றது.

அமைப்பாளர் கேட்டார்: “அம்மையார், இரண்டு இரவும் அதில் தூங்கினீர்களா?”

“தூங்கினேன்.”

புலவர் ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார். எந்தப் பொருளில் என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், கேட்க வேண்டும் என்றுகூடச் சற்று விரும்பினேன். அவர் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். சாளரத்தைப் பார்த்தார்.

“பிறர் உதவியின்றி?”

“யாரிடமும் எதையும் கேட்கவில்லை.”

“அப்படியானால் ‘ஏணை’ என்பதை...” என்று அமைப்பாளர் பேனாவைத் திறந்தார்.

கதவு திறந்தது. வேலம்மாள். மகள் வீட்டுக்கு வந்தவர், இடுப்பில் ஒரு பை ஆரஞ்சு, கையில் ஒரு கறுப்புக் குடை.

“டீச்சர் இருக்காங்களா? ஆங், இருக்கீங்க. ஐயாவும் இருக்காரு, நல்லதாப் போச்சு. இந்தாங்கய்யா ஒங்க குடை. மாடு மிதிச்சதுல ஒரு கம்பிதான் போச்சு, தெச்சுட்டேன்.” பிறகு எல்லோரையும் பார்த்து, அவர்களுக்கு விளங்க வேண்டுமே என்னும் நல்லெண்ணத்தில், அந்த உரத்த குரலில் விளக்கினார். “டீச்சரும் ஐயாவும் ஒரே தூளியில தூங்கிக்கிட்டிருந்தாங்கள்ல, அப்ப விட்டுட்டுப் போயிட்டாரு.”

அமைப்பாளரின் பேனா விழுந்தது. தேனடைக்காரர் வாய் திறந்தது. என் நாற்காலியும் புலவரின் நாற்காலியும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்தன. நாங்கள் இருவரும் எழுந்து நின்று, ஒரே குரலில், ஒரே மூச்சில் கத்தினோம்:

“பழைய பொருளில்!”

முப்பது ஆண்டுகளில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் செய்தி அது.

“தொங்கிக்கொண்டிருந்தோம்!” என்றேன்.

“தூங்கு என்றால் தொங்குதல்!” என்றார் அவர். “அம்மையாரே ஒப்புக்கொள்கிறார்!”

“ஒப்புக்கொள்கிறேன்! முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்! பழைய பொருள் உயிரோடிருக்கிறது!”

அமைப்பாளர் மெல்லப் பேனாவை எடுத்தார். “அப்படியானால் சற்றுமுன் அம்மையார் ‘தூங்கினேன்’ என்றதும்...”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பொய் சொல்ல அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. நான் எடுக்கவில்லை.

“அதுவும் பழைய பொருளில்தான்,” என்றேன். “இரண்டு இரவும் நான் உறங்கவில்லை.”

புலவர் புன்னகைத்தார். அதிக நேரம் அன்று. அமைப்பாளர் அவர் பக்கம் திரும்பி, “புலவரே, அம்மையாரின் தூளிக்குள் தங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்டார். அதற்கு அவரிடம் எந்தக் காலத்துப் பொருளும் இல்லை.

“அதில் அம்மையாரும் உறங்கவில்லை, புலவரும் உறங்கவில்லை. விதிப்படி இருவரும் தோற்றீர்கள்,” என்றார் அமைப்பாளர். “ஆனால் அந்தப் பொருளுக்குச் சொல் வேண்டும். ஆகவே இருவர் சொல்லையும் புணர்த்திவிடுவோம்.”

‘புணர்த்தி’ என்பது தூய இலக்கணச் சொல். இரண்டு சொற்களைச் சேர்ப்பது புணர்ச்சி. ஆனால் அந்தக் குடை மேசைமேல் கிடந்த நிலையில் அந்தச் சொல்லை அவர் தவிர்த்திருக்கலாம். அறை முழுவதும் சிரித்து ஓய்வதற்குள் வேலம்மாள் எல்லோருக்கும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான் கதை. இனி, அதன்பின் முடிவானவற்றைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

குழுவின் விதியிலிருந்து ‘பிறர் உதவியின்றி’ என்னும் தொடர் நீக்கப்பட்டது. முன்மொழிந்தவள் நான், வழிமொழிந்தவர் புலவர். அந்தத் தொடரால் எனக்கு இடையூறு எதுவும் இல்லை. நான் தனியாகத்தான் இருந்தேன் என்பதும் குறிப்பேட்டில் ஏறியிருக்கிறது. அதன் எதிரே யாரோ ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். கையெழுத்து தேனடைக்காரருடையது.

அந்தப் படுக்கை இப்போது வேலம்மாள் வீட்டில் இருக்கிறது. அதில் அவர் மிளகு காயவைக்கிறார். அதைவிடச் சிறந்த பயன் எதுவும் அதற்கு இல்லை என்பது என் கருத்து. இது உங்கள் பெட்டிக்கு வேண்டாம்.

புலவர் ஞானசிகாமணி இப்போதும் என்னைத் திருத்துகிறார். ஆனால் மழை பெய்தாலும் என் கண்ணெதிரே குடையை விரிப்பதில்லை.

சொல், ‘தூங்கேணை’. தூங்கு, ஏணை. வினைத்தொகை, தூங்கிய ஏணை, தூங்குகின்ற ஏணை, தூங்கும் ஏணை என்று முக்காலத்துக்கும் விரியும். முன்பாதி அவருடையது, பின்பாதி என்னுடையது. நீங்கள் கவனிக்க வேண்டியது இது: இரண்டும் சேரும்போது அவர் சொல்லின் கடைசி உகரம் கெட்டுப்போயிற்று. என் சொல்லில் ஓர் எழுத்தும் கெடவில்லை. முழுதாக நிற்கிறது. திருத்தமின்றி.

கடைசியாக, அச்சைப் பற்றி. வேலம்மாளுக்கு இந்தச் சொல்லைச் சொன்னபோது, “தூங்கேனேவா? சரியாத்தான் டீச்சர் பேரு வெச்சிருக்கீங்க. ரெண்டு ராத்திரியும் நீங்க தூங்கவே இல்லியே,” என்றார். ஆகையால் பெட்டியில் மூன்று சுழி ணகரத்தைக் கவனமாகப் போடுங்கள், ஐகாரத்தையும் கவனியுங்கள். தூங்கேணை. உங்கள் அச்சுக்காரர் ணையை விட்டு னேயைப் போட்டுவிட்டால், பெட்டியின்மேல் உண்மை வந்துவிடும். பிறகு ஒருவரும் வாங்கமாட்டார்கள்.